கை தூக்காத சட்டை

காலையிலிருந்தே கத்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெட்டு மேசையின் இந்தக் கோடிக்கு வருவாள். விரித்திருந்த துணியின் ஓரத்தை நீவுவாள். அந்தக் கோடிக்குப் போய் நிற்பாள். திரும்பி வந்து, சற்று முன் நீவிய இடத்தையே மறுபடியும் நீவுவாள். தாகம் இல்லாமலே தண்ணீர் குடித்தாள். சன்னலைத் திறந்தாள். காற்றில் துணி அலைகிறது என்று உடனே மூடினாள்.

“ஏண்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? நீ நடக்கிற நடையைப் பாத்துத் துணி பயந்துபோய்த் தானா வெட்டிக்கும்னு நினைக்கிறியா?” என்று கேட்டாள் ஓவர்லாக்.

கத்திரி, ஓவர்லாக் என்பவை பெற்றோர் வைத்த பெயர்கள் அல்ல. அந்தத் தையற்கூடத்தில் அவரவர் வேலையே அவரவர் பெயராகிவிட்டிருந்தது. துணி வெட்டுகிறவள் கத்திரி. ஓரம் பிரியாமல் தைக்கும் மிஷினில் உட்கார்ந்திருப்பவள் ஓவர்லாக். ஒரு பேச்சை இழை பிரியவிடாமல் இறுக்கி முடிப்பதில் மிஷின்கூட அவளிடம் பாடம் கேட்க வேண்டும். இஸ்திரி போடுகிறவருக்கு மட்டும் நரிக்கதை என்று பெயர். பெட்டி சூடேறும் வரை ஒரு நரிக்கதை, சூடு தணியும் வரை இன்னொன்று என்பது அவர் வழக்கம். இவர்கள் அனைவருக்கும் மேலே அண்ணி. கூடம் அவளுடையது. மற்றவர்களுக்கு மரியாதைக்கு அண்ணி. கத்திரிக்கு மட்டும் உறவிலேயே அண்ணி, கூடப் பிறந்த அண்ணனின் மனைவி.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, செங்குத்தான மரப்படிகள் ஏறிப் போனால் வரும் நீண்ட ஒற்றை அறைதான் கூடம். அண்ணியும் நாத்தனாரும் ஒரு காலத்தில் பெரிய ஆடை ஆலை ஒன்றில் அடுத்தடுத்த மிஷின்களில் இருந்தவர்கள். அங்கே கழிவறைக்குப் போவதென்றாலும் மேற்பார்வையாளரின் முகம் பார்த்துத்தான் போக வேண்டும். வெட்டி மிஞ்சிய துணியோ மலைமலையாகக் குவிந்து, வாய்க்கால் ஓரத்தில் நாளெல்லாம் புகைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து விலகி வந்த அன்றே இருவரும் ஒரு முடிவு செய்தார்கள். நம் இடத்தில் ஆளையும் கசக்கக் கூடாது, துணியையும் எறியக் கூடாது. அந்தச் சொல்லை அவர்கள் காற்றில் விட்டுவிடவில்லை. ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய நல்ல துணியைத் தேடி வாங்கினார்கள். பொழுது சாய்ந்தால் மிஷின்கள் ஓயும். உடம்பு சரியில்லை என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். தைத்த ஒவ்வொரு சட்டையின் உட்கழுத்திலும் ஒரு சிறிய லேபிள் இருக்கும்: ‘யாரையும் வருத்தாமல், துணுக்கும் வீணாக்காமல் தைத்தது.’

துணுக்கு வீணாகாமல் இருந்ததற்குக் காரணம் கத்திரியின் கைவண்ணம். மேசைக்கடியில், துணுக்கு விழுவதற்கென்று ஒரு பிரம்புக் கூடை இருந்தது. அதில் தூசி விழுந்தாலும் விழுமே தவிரத் துணுக்கு விழாது. ஒரு சட்டையின் தோளுக்கருகில் அடுத்த சட்டையின் இடுப்பு, இதன் கழுத்தில் கிடைத்த வட்டத்தில் அதன் பொத்தான் பட்டை என்று, பல்லோடு பல் பொருந்துவது போல அளவு அட்டைகளைத் துணிமேல் அடுக்குவாள். ஒரே ஓர் இடம் மட்டும் நெடுநாள் அவளுக்குப் போக்குக் காட்டியது. அக்குள் வளைவுக்குள் பக்கத்துச் சட்டையின் கைத்துண்டு வந்து உட்கார வேண்டும். அது உட்கார மறுத்தது. கடைசியில் அவள் கைத்துண்டின் அகலத்தில் ஒரு விரலும், வளைவின் ஆழத்தில் ஒரு விரலும் குறைத்தாள். சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. தைத்த சட்டையை மூலையில் நின்ற துணிப்பொம்மைக்கு மாட்டிப் பார்த்தார்கள். அந்தப் பொம்மைக்கு மகாராணி என்று பெயர். மகாராணிக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது. மகாராணிக்குக் கழுத்து உண்டு, மார்பு உண்டு, இடுப்பு உண்டு. கை மட்டும் கிடையாது. அதை அன்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஓவர்லாக்கும் ஒரு சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது எல்லோரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டுதானே நிற்கிறோம்!

அப்படி வெட்டிய முதல் தொகுதி, ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குப் போயிற்று. துணுக்கே விழாது என்ற பேரைக் கேள்விப்பட்டுத்தான் இன்று மாலை கடைக்காரம்மா வருகிறாள். இப்படிப்பட்ட ஆடைகளை மட்டுமே விற்கும் கடை அவளுடையது. அவளுக்குப் பிடித்துவிட்டால் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். பிடிக்காவிட்டால் பழைய ஆலையிடம் போய் நிற்க வேண்டியதுதான். அந்த ஆலையின் ஆள் ஏற்கெனவே வந்து, இரவு ஷிஃப்டும் ஓட்டுவதானால் மூட்டை மூட்டையாக வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆகவே அண்ணி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கடைக்காரம்மாவின் கண்ணெதிரிலேயே துணி வெட்டப்படும். வெட்டி முடித்ததும் காலிக் கூடையை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் மேசைமேல் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது.

காலையிலிருந்து கத்திரியை நடக்க வைத்தது வேறொரு விஷயம். நேற்று மாலை பேருந்தில் அவள் தன் சட்டையைப் பார்த்தாள். தான் வெட்டிய பாசிப்பச்சைச் சட்டையை அணிந்த ஒரு பெண் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேருந்து குலுங்கும்போதெல்லாம் மற்றவர்கள் மேல் கம்பியைப் பிடித்தார்கள். அவள் மட்டும் இருக்கையின் முதுகைப் பிடித்துத் தடுமாறினாள். ஒரு திருப்பத்தில் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினாள். அக்குளில் சட்டை கிழிந்திருந்தது. கிழிசலை ஓர் ஊக்கு கடித்துக்கொண்டிருந்தது. கத்திரி தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கிவிட்டாள். இரவு முழுவதும், ஒரு சட்டை கிழிவது உலகத்தில் நடக்காததா என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். சமாதானம் பொழுது விடியும் வரைகூட நிற்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் செருப்பை மாட்டினாள்.

“எங்கேடி கிளம்பிட்டே? அந்தம்மா வர்ற நேரத்துக்குக் காணாமப் போனே, தொலைச்சிடுவேன்” என்றாள் அண்ணி.

“நூல் வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி.”

“நூலா? பெட்டி நிறைய இருக்கே!” என்று ஓவர்லாக் கேட்டது படிக்கட்டு வரை வந்து நின்றுவிட்டது. கத்திரி அதற்குள் தெருவில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம், வாளிகளும் நீள்துடைப்பங்களும் சாத்தி வைத்திருந்த அறையில், துப்புரவுப் பெண்கள் சாப்பிட்டு முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பவள் போலக் கத்திரி வாசலில் போய் நின்றாள். ஒருத்தி சொம்பை நீட்டினாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“அந்த வார்டு மூலையில சிலந்தி வலை அப்படியே தொங்குதாம். நர்ஸம்மா கத்துறாங்க.”

“நீ போய் அடி. நான் கையைத் தூக்கினா ஊரே வேடிக்கை பாக்கும்.”

“எனக்கு ரெண்டு பக்கமும் போயாச்சு. கிழிஞ்சதும்தான் மூச்சு வந்துது.”

“துணி என்னமோ நல்ல துணிதான். தையலும் கெட்டி.”

“கெட்டியா இருந்து என்னடி பண்றது? கை கட்டி நிக்கிறவங்களுக்குன்னு தைச்ச சட்டை இது. நம்ம மேஸ்திரிக்குக் குடுத்துப் பாரு, ஆயுசுக்கும் கிழியாது!”

சிரிப்பு அலையடித்து ஓய்ந்தது. மூத்தவள் ஒருத்தி, தன் கழுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். “உள்ள எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா? யாரையும் வருத்தாம தைச்சாங்களாம்.”

“தைக்கும்போது வருத்தியிருக்க மாட்டாங்க. அந்த வருத்தத்தை மிச்சம் வெச்சு நமக்கு அனுப்பிட்டாங்க.”

கத்திரி சொம்பைக் கீழே வைத்தாள். பேருந்தில் பார்த்த பெண் சுவரோரம் உட்கார்ந்து, கழன்றுபோன ஊக்கோடு போராடிக்கொண்டிருந்தாள். சட்டை பிடித்த பிடியில் அவளுடைய ஒரு கை இன்னொரு அக்குளுக்கு எட்டவில்லை.

“அக்கா, சும்மாதானே நிக்கிறீங்க? இதைக் கொஞ்சம் குத்தி விடுங்களேன்.”

கத்திரி குனிந்தாள். கிழிசலுக்குள்ளே தோல் சிவந்து தடித்திருந்தது. தையல் வந்து உரசும் அதே வளைவில், சுண்ணக்கட்டியால் கோடு போட்டது போல ஒரு புண். ஒரு விரல் அகலம் இருக்கும். அந்த விரல் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

“நறுவிசா குத்துறீங்களே, தையல்காரங்களா?”

“இல்ல... சும்மா... பேஷண்ட்டைப் பாக்க வந்தேன்” என்று மென்று விழுங்கிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். தெருமுனை வந்த பிறகுதான், ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

கூடத்தில் அண்ணி காலிக் கூடையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா மகராசி? நூல் எங்கே?”

“அண்ணி, இந்த அட்டையை வெச்சு வெட்ட முடியாது.”

“ஏன், அட்டைக்கு என்ன வந்துது?”

“கை தூக்கலை.”

“யாரு கை?”

“போடுறவங்க கை.”

பேருந்தில் பார்த்ததையும், அறையில் கேட்டதையும், ஊக்கையும், புண்ணையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“நேத்துப் பாத்ததை இப்ப வந்து சொல்றியா? அந்தம்மா படியில ஏறுற நேரத்துக்கு? மகாராணிக்கு எவ்வளவு பாந்தமா இருந்துது!”

“மகாராணி ஒட்டடை அடிக்க மாட்டா அண்ணி.”

“வாயைப் பாரு. சரி, நான் சொல்றதைக் கேளு. இன்னைக்கு மட்டும் இப்படியே வெட்டிடு. அவங்க பாத்து, சந்தோஷமாப் போகட்டும். நாளைக்கு நீ எப்படி வேணா மாத்திக்கோ.”

“வெட்டினதை எப்படி மாத்துறது? இத்தனை அடுக்கு இருக்கு. ஒரு தடவை கத்தி ஓடிடுச்சுன்னா அத்தனையும் கை தூக்காத சட்டைதான்.”

“வளைவை இறக்கினா துணுக்கு விழும். துணுக்கு விழுந்தா அவங்க போயிடுவாங்க. அப்புறம் ஆலைக்காரனைத்தான் கூப்பிடணும். ராத்திரி ஷிஃப்டுக்கு யார் யார் வரீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன்!”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நரிக்கதை தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு தவளை, தையல்சிட்டுக்கிட்ட வந்து...”

“மாமா, இப்ப கதை கேக்குற நேரமா?” என்றாள் அண்ணி.

“சின்னக் கதைதாம்மா. பெட்டி சூடாற வரைக்கும்.” அவர் நிறுத்துவதாக இல்லை. “எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுன்னு கேட்டுது. சிட்டு சுத்திச் சுத்தி வந்து அளவெடுத்துது. தவளை குந்தியிருக்கு, காலை மடக்கிக்கிட்டு. அந்த அளவுக்குக் கச்சிதமா, ஓர் இலைகூட மிச்சமாகாம தைச்சுக் குடுத்துடுச்சு. காடே வந்து பாராட்டிச்சு. தவளைக்கும் பெருமை தாங்கலை. அப்ப பாம்பு வந்துது.”

“வந்து?”

“தவளை தாவணுமே! காலை நீட்டவே முடியலை.”

“அப்புறம்?” என்று கேட்டாள் ஓவர்லாக்.

“அப்புறமென்ன? பாம்பும் சிட்டைப் பாராட்டிச்சு.”

ஓவர்லாக் களுக்கென்று சிரித்து, அண்ணியின் பார்வை பட்டதும் சிரிப்பைத் தைத்து மூடிக்கொண்டாள். அண்ணி சிரிக்கவில்லை. மாதிரிக்காக வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சட்டையை மகாராணியின் மேலிருந்து உருவினாள். தன் உடுப்பின் மேலேயே அதை மாட்டிப் பொத்தான்களைப் போட்டாள். மேல் தட்டில் இருந்த நூற்கண்டுப் பெட்டியை நோக்கிக் கையை உயர்த்தினாள். கை தோள் வரை வந்து, அங்கே யாரோ பிடித்துக்கொண்டது போல நின்றது. அதே நேரம் மரப்படிகள் முனகின.

கடைக்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். நல்ல பெண்மணி, எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், மிஷின்களுக்கு நடுவில் வெளிச்சமும் காற்றும் வருவதைப் பார்த்து மகிழ்ந்தாள். ஆனால் அவள் கண் தேடியது கூடையைத்தான். “இதுதானா அது? நான் கேள்விப்பட்டப்ப நம்பவே இல்ல” என்று சொல்லி, அதைப் படம் எடுக்கச் செல்போனை வெளியே எடுத்தாள். “நீங்க வெட்டுங்க. நான் ஓரமா நின்னு பாக்கறேன்.”

கத்திரி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சன்னலைப் பார்த்தாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. கத்திரி வெட்டு மிஷினின் கைப்பிடியைப் பிடித்தாள். அட்டைகள் அவள் அடுக்கிய அழகிலேயே, இமைக்கு இமை சேர்ந்தது போல நெருங்கிக் கிடந்தன. ஒரு கணம் அப்படியே ஓட்டிவிடலாம் என்று கைகூடச் சற்று நகர்ந்தது. பிறகு அவள் மிஷினை வைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். கைத்துண்டின் அட்டையை வளைவிலிருந்து வெளியே இழுத்தாள். குறைத்த விரலைத் திரும்பக் கொடுத்தாள். நெஞ்சு கேட்காமல், இன்னும் அரை விரல் கூட்டிக் கொடுத்தாள். அழித்து, நகர்த்தி, மறுபடி வரைந்தாள். துண்டுகளுக்கு நடுவே பிறைபிறையாக இடைவெளிகள் தோன்றின.

மிஷின் ஓடியது. முதல் பிறை மேசையிலிருந்து நழுவிக் கூடையில் விழுந்தது. அடுக்காக இருந்ததால் பொத்தென்று ஓசையே கேட்டது. அடுத்ததும் விழுந்தது.

“இது... விழுதே?” என்றாள் கடைக்காரம்மா.

கத்திரி தலையைத் தூக்கவில்லை. ‘புதுசா வேலை கத்துக்கறா, தப்பா வெட்டிட்டா’ என்று அண்ணி பூசி மெழுகுவாள், தான் அதற்குத் தலையாட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து அடுத்த வளைவை ஓட்டினாள்.

“விழும்” என்றாள் அண்ணி. “விழாம வெட்டினோம். ஆஸ்பத்திரியில வேலை செய்யுற பொம்பளைங்களுக்கு அக்குள்ள புண்ணாயிடுச்சு. இதோ, அந்தச் சட்டையைத்தான் நான் போட்டிருக்கேன். பாருங்க.”

கையை விருட்டென்று மேலே தூக்கினாள். டர்ரென்று ஒரு சத்தம். தையல் விட்டுக் கிழிசல் வாயைப் பிளந்தது. கடைக்காரம்மாவின் செல்போன் கீழே இறங்கியது.

“துணுக்கே இல்லாத சட்டைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே!”

“நாங்களும்தாம்மா சொல்லி வெச்சிருந்தோம். முதல்ல அவங்க சட்டையெல்லாம் சரி பண்ணணும். உங்க வேலை அதுக்கு அப்புறம்தான். இஷ்டம்னா இருங்க.”

கடைக்காரம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பிறையை எடுத்து விரலில் சுற்றினாள்; அவிழ்த்தாள். அவள் யோசித்த நேரத்தில், கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“புது அளவுல ஒரு சட்டை தைச்சு அனுப்புங்க” என்றாள் கடைசியில். “எங்க கடையில சாமான் இறக்குற பொண்ணு போட்டுப் பாக்கட்டும். அவ என்ன சொல்றாளோ அதுதான். இந்தத் துண்டுகளை என்ன செய்யப் போறீங்கன்னும் சொல்லணும். எரிக்கிறோம்னு மட்டும் சொல்லாதீங்க.” சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஓவர்லாக்தான் முதலில் எழுந்தாள். கிழிந்த ஆஸ்பத்திரிச் சட்டையின் அக்குளில் வைத்துத் தைக்க அந்தப் பிறைகள் உதவுமா என்று ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். உதவவில்லை; வெள்ளரிக்காய்த் தோல் போல அவ்வளவு ஒல்லி. முழுத் துணியிலிருந்துதான் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டியிருந்தது.

“நல்ல துணி” என்று அண்ணி முணுமுணுத்தாள். ஆனால் அளவுகோலை அவளே எடுத்துக் கொடுத்தாள். “ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பவா, நீயே போறியா?”

“நானே போறேன் அண்ணி.”

“போறதுன்னா உண்மையைச் சொல்லிட்டு உக்காரு. பேஷண்ட், கீஷண்ட்னு உளறாதே.”

மறுநாள் மதியம் கத்திரி சதுரத் துண்டுகளும் ஊசியும் நூலுமாக வாளி அறைக்குள் நுழைந்தாள்.

“ஊக்கு குத்தின அக்கா வந்திருக்காங்க!” என்றாள் பேருந்துப் பெண். “பேஷண்ட் எப்படி இருக்காரு?”

“பேஷண்ட் யாரும் இல்ல. இந்தச் சட்டையை வெட்டினது நான்தான். அளவைக் குறைச்சதும் நான்தான்.”

கால் நீட்டியிருந்தவர்கள் காலை மடக்கினார்கள்.

“நேத்து ஊக்கு குத்தும்போதே சொல்லியிருக்கலாமே” என்றாள் மூத்தவள்.

“சொல்லியிருக்கலாம்.”

“வாய் வரலையாக்கும்.”

“வரலை.”

“சரி, உக்காரு. வந்ததுக்கு வேலையைப் பாரு” என்று அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள்.

பேருந்துப் பெண் மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கத்திரி தையலைப் பிரித்து, அக்குளில் சதுரத்தை வைத்து, உள்தையல் தோலில் உரசாதபடி மடித்துத் தைத்தாள். பச்சையில் அது சற்று வேறு பச்சையாகத் தெரிந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் சட்டையை மாட்டிக்கொண்டு, அறைக் கதவின் மேல் சட்டத்தைத் தொட்டாள். எட்டியது. மறு கையாலும் தொட்டாள். கத்திரி தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூக்குது” என்றாள் அந்தப் பெண்.

“எனக்கு, எனக்கு” என்று சட்டைகள் நீண்டன. கத்திரி அடுத்த ஊசியில் நூல் கோத்தாள். பேருந்துப் பெண் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தவள், இடுப்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு நின்றாள்.

“ஏங்க்கா, கேக்கணும்னே இருந்தேன். இதுல ஏன் பாக்கெட்டே வெக்கலை? அதுவும் துணி மிச்சம் பிடிக்கத்தானா?”

மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

“ஆமா, கையுறையை எங்கே வெக்கிறது?”

“சாவிக்கொத்தை வாயில கவ்விக்கிட்டு அலையறேன் நான்.”

“போன் அடிச்சா வாளிக்குள்ள தேடணும்.”

கத்திரி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்தாள்.

“இருங்க, இருங்க, எல்லாரும் ஒண்ணாப் பேசாதீங்க. கையை இப்படி வெச்சுக் காட்டு. எவ்வளவு ஆழம் வேணும்?”